கீழ்க்குரல் ஆண்ட நூற்றைம்பது ஆண்டுகள்

ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் காலம் என்கிறார்கள். அதன் தொடக்கத்தில் இத்தாலியில் ஓப்ரா பிறக்கிறது. முடிவில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹான் செபாஸ்டியன் பாக் இறக்கிறார். இடைப்பட்ட காலத்தில் மான்டெவெர்டி, லூலி, பர்செல், விவால்டி, ஹேண்டல், ராமோ எனப் பலர் எழுதிக் குவித்தவை ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டவை. வெனிஸ் நகரத்துக் கேளிக்கை அரங்கின் பாட்டுக்கும் லூத்தரன் தேவாலயத்தின் வழிபாட்டு இசைக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தச் செய்வது ஒரு பொதுப் பழக்கம்: இசையைக் கீழ்க்குரலிலிருந்து கட்டி எழுப்புவது.

அதற்கு முந்தைய நூற்றாண்டின் தேவாலய இசையில் நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் சம உரிமையோடு பின்னிப் பிணைந்து சென்றன. கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒரு குரல் சொல்லின் முதல் அசையில் நிற்கையில் இன்னொன்று மூன்றாம் அசைக்குப் போயிருக்கும். பாட்டின் பொருள் காதில் விழாது. 1570களில் ஃப்ளோரன்ஸில் கோமகன் ஜொவான்னி தெ பார்தியின் வீட்டில் கூடிய கவிஞர்களும் இசைக்காரர்களும் இதைத்தான் குறை சொன்னார்கள். பழங்கிரேக்க நாடகம் மக்களை உருக்கியதென்றால், ஒற்றைக் குரல் ஒற்றை உணர்ச்சியைச் சொன்னதே அதற்குக் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். கிரேக்க இசை எப்படி ஒலித்தது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வெறும் ஊகத்தை வைத்துக்கொண்டே ஒரு புதிய கலையைத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வாதங்களை 1581இல் நூலாக வெளியிட்டவர் வின்சென்சோ கலிலேய். லூட் வாசிப்பவர், வானியலாளர் கலிலியோவின் தந்தை. பழைய நூல்கள் சொன்னதை அப்படியே ஏற்கும் குணம் மகனைப் போலவே இவருக்கும் இல்லை. தந்தியின் இழுவிசையை இரண்டு மடங்காக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும் என்று பித்தாகரஸின் பெயரால் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். கலிலேய் தந்தியில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு ஸ்தாயி ஏற நான்கு மடங்கு எடை தேவைப்பட்டது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்ற விதியைப் பிரான்சின் மரேன் மெர்சென் 1636இல் முறைப்படி எழுதினார்.

ஃப்ளோரன்ஸின் கனவு 1600இல் மேடையேறியது. மரீயா தெ மெடிச்சிக்கும் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் யாகோப்போ பேரி எழுதிய ‘யூரிடிச்சே’ பாடப்பட்டது. பாத்திரங்கள் பேசுவதற்கும் பாடுவதற்கும் இடைப்பட்ட ஒரு பாணியில் வசனத்தைச் சொல்ல, கீழே சில வாத்தியங்கள் மட்டும் துணை நின்றன. இதுவே ரெசிட்டடிவ். ஏழு ஆண்டுகள் கழித்து மான்டுவா நகரில் மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ அரங்கேறியபோது ஓப்ரா முழு வடிவம் பெற்றுவிட்டது. 1637இல் வெனிஸில் சான் கஸ்ஸியானோ அரங்கம், சீட்டு வாங்கிய எவரும் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தது. அரண்மனைக்குள் இருந்த கலை வணிகமாகியது.

எண்ணிட்ட கீழ்க்குரல்

மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு பாஸ் வரி, இடையில் இருப்பதை வாசிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்: பரோக் இசைத்தாளில் பெரும்பாலும் இவ்வளவுதான் எழுதப்பட்டிருக்கும். பாட்டு தொடங்கியதிலிருந்து முடியும்வரை நிற்காமல் ஓடுவதால் அந்தக் கீழ்வரிக்கு பாஸோ கன்டினுவோ, அதாவது ‘தொடர் கீழ்க்குரல்’ என்று பெயர். தம்புராவின் சுருதி போல இது ஒரே இடத்தில் நிற்பதில்லை. நடந்துகொண்டே இருக்கும், அது எங்கே காலை வைக்கிறதோ, அதைப் பொறுத்து மேலே உள்ள சுரங்களின் பொருள் மாறும்.

கீழ்வரியின் சுரங்களுக்கு அருகே சிறு எண்கள் இருக்கும். சங்கராபரணத்தின் சுரங்களையும் ஐரோப்பியரின் மேஜர் வரிசையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் இந்த முறை எளிதில் விளங்கும். கீழே சட்ஜம் நிற்க, எண் எதுவும் இல்லையென்றால், அதற்கு மேல் மூன்றாவதும் ஐந்தாவதுமான சுரங்களைச் சேர்க்க வேண்டும்: ச, க, ப. கீழே காந்தாரம் நிற்க, 6 என்று எழுதியிருந்தால், காந்தாரத்தை ஒன்று என்று தொடங்கி க, ம, ப, த, நி, ச என எண்ணி ஆறாவதான மேல்சட்ஜத்தை எடுக்க வேண்டும். மூன்றாவதான பஞ்சமம் சொல்லாமலே சேரும். கீழே பஞ்சமமும் 7 என்ற எண்ணும் இருந்தால் ப, நி, ரி, ம. இந்தக் கடைசிக் கூட்டு காதை நிம்மதியாக இருக்க விடாது. அதிலுள்ள நிஷாதம் மேலே சட்ஜத்துக்கு ஏறத் துடிக்கும், மத்திமம் காந்தாரத்துக்கு இறங்கத் துடிக்கும். இரண்டும் போய்ச் சேர்ந்ததும் ச, க, ப கிடைக்கிறது. காது அமைதி அடைகிறது. இழுப்பும் இளைப்பாறலுமான இந்த ஓட்டம்தான் மேஜர், மைனர் என்ற இரண்டு சுரவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த முந்நூறு ஆண்டுகளை ஓட்டிய ஐரோப்பிய ஹார்மனியின் அடிப்படை.

கன்டினுவோவைக் குறைந்தது இருவர் வாசிப்பார்கள். செல்லோவோ வியோலா தா காம்பாவோ கீழ்வரியை இழுக்கும். ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ நீண்ட கழுத்துடைய தியோர்போவோ எண்களைப் பார்த்துக் கூட்டுச் சுரங்களை அங்கேயே கற்பனையில் உருவாக்கும். இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் ‘ட்ரியோ சொனாட்டா’ என்ற பெயரை நம்பி மூன்று பேரை எதிர்பார்ப்பவர் மேடையில் பெரும்பாலும் நான்கு பேரைப் பார்ப்பார். எழுதிய வரிகள் மூன்று. கீழ்வரிக்கு ஆள் இரண்டு.

இந்த வாத்தியங்களின் இயல்பு இசையின் குணத்தையே தீர்மானித்தது. ஹார்ப்சிகார்டின் கட்டையை அழுத்தினால் ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பும். அதில் செருகிய பறவை இறகின் தண்டு தந்தியை மீட்டிவிட்டு நழுவும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் தண்டு தந்தியை ஏறக்குறைய ஒரே அளவு வளைத்தபின்தான் விடுகிறது. ஆகவே ஒலியின் அளவு விரலுக்குக் கட்டுப்படாது. மீட்டிய சுரமும் விரைவில் தேய்ந்துவிடும். அதை உயிரோடு வைத்திருக்க ஒரே சுரத்தைப் பக்கத்துச் சுரத்தோடு சேர்த்து அதிரவைக்கும் ட்ரில் முதலிய அலங்காரங்கள் பெருகின. பாரிஸில் ஃப்ரான்ஸ்வா கூப்பரான் 1716இல் ஹார்ப்சிகார்ட் வாசிப்புக்கென்றே நூல் எழுதினார். பெரிதும் சிறிதுமான ஒலி வேண்டுமானால் வாத்தியங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பதே வழி. பரோக் இசையில் ஒலி பெரும்பாலும் படிப்படியாக ஏறாமல் சட்டென்று மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழ்ச்சுரங்களுக்கு வேறொரு சிக்கல். தந்தி இரு மடங்கு நீளமானால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும்; நீளத்தைக் கூட்ட முடியாதபோது தடிமனைக் கூட்ட வேண்டும். ஆனால் தடித்த குடல்தந்தி விறைத்துப்போய் மந்தமாக ஒலிக்கும். 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குடல்தந்தியின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் முறை பரவியது. எடை கூடியது, வளையும் தன்மை குறையவில்லை. கீழ்க்குரல் வாத்தியம் சிறிதாகி, விரைந்து ஓடக்கூடியதாயிற்று. செல்லோ தனி வாத்தியமாகத் தலையெடுக்க இந்தக் கம்பிச் சுற்று பெரிதும் உதவியது.

பன்னிரண்டு பஞ்சமங்கள்

கூட்டுச் சுரங்களை நம்பிய இசைக்குச் சுருதி சேர்ப்பதே பெரும் தலைவலியாக இருந்தது. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் 3/2. ஒரு சுரத்திலிருந்து இப்படிப் பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரண்டு முறை ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு ஸ்தாயிகள் மேலே, வந்து சேர வேண்டும். கணக்கு அப்படி வருவதில்லை. 3/2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75, ஏழு ஸ்தாயிகள் என்பது 128. ஏறத்தாழ கால் அரைச்சுர அளவுள்ள இந்த உபரிக்குப் பித்தாகரஸ் கோமா என்று பெயர். பாடகரும் வயலின்காரரும் காதால் சரிசெய்துகொள்வார்கள். கட்டைகள் நிலையான ஆர்கனும் ஹார்ப்சிகார்டும் என்ன செய்யும்?

பரோக் தொடக்கத்தில் பரவலாக இருந்த மீன்டோன் முறையில் பஞ்சமங்களைச் சற்றே குறுக்கி, காந்தாரத்தை 5/4 என்ற தூய விகிதத்தில் வைத்தார்கள். அதிகம் வாசிக்கும் சுருதிகளில் கூட்டுச் சுரங்கள் தேனாக இருக்கும். ஆனால் பிழை முழுதும் ஒரு மூலையில் குவிந்து, அங்கே உள்ள ஒரு பஞ்சமம் ஊளையிடும். அதற்கு ‘ஓநாய்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பக்கம் இசையமைப்பாளர் போக முடியாது. ஜெர்மன் ஆர்கன் வல்லுநர் ஆன்ட்ரெயஸ் வெர்க்மைஸ்டர் 1691இல் வெளியிட்ட நூலில் தந்த முறைகளுள் புகழ்பெற்ற ஒன்று, கோமாவை நான்கு பஞ்சமங்களுக்குப் பங்கிட்டு மற்ற எட்டையும் தூயதாக விடுகிறது. எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிறம் இருக்கும். பாக் 1722இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்ட் க்ளாவியர்’ பன்னிரண்டு சுருதிகளிலும் மேஜரில் ஒன்று, மைனரில் ஒன்று என 24 ப்ரெலூட்-ஃபியூக் (முன்னிசையும் பல குரல் பின்னலும்) இணைகளைக் கொண்டது. எந்தச் சுருதிமுறைக்காக எழுதினார் என்பதைப் பாக் எழுதி வைக்கவில்லை. எல்லா அரைச்சுரங்களையும் ஒரே விகிதமாக்கிய இன்றைய கீபோர்டில் அந்த நிற வேறுபாடு கிடையாது. அதில் காந்தாரம் தூய அளவைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அரைச்சுரம் கூடுதலாகவே ஒலிக்கிறது.

அதே 1722இல் ராமோ பாரிஸில் ஹார்மனி பற்றிய தன் ஆய்வு நூலை வெளியிட்டார். ச-க-ப, க-ப-ச, ப-ச-க மூன்றும் ஒரே கூட்டின் மாறுவேடங்கள்தான், மூன்றுக்கும் வேர் சட்ஜமே என்பது அவர் கூற்று. ஒரு தந்தி அதிரும்போது அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களும் கூடவே ஒலிக்கின்றன என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஜோசஃப் சொவேர் 1701 முதல் விளக்கிவந்தார். அந்த வரிசையில் 4, 5, 6 ஆகியவை சரியாக ச, க, ப. தன் கோட்பாட்டுக்கு இயற்கையே சாட்சி என்று பின்னர் ராமோ எடுத்துக்கொண்டார். மைனர் கூட்டுக்கு இந்தச் சாட்சி இவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. அதற்காக அவர் பட்ட பாடு தனிக்கதை.

இறங்கும் நான்கு சுரங்கள்

இசை உணர்ச்சியைக் கிளற வேண்டும் என்பதில் அக்கால எழுத்தாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் 1649இல் வியப்பு, அன்பு, வெறுப்பு, விருப்பம், மகிழ்ச்சி, துயரம் என ஆறு மூல உணர்ச்சிகளைப் பிரித்தார். ஹாம்பர்க்கின் யோஹான் மாத்தெசன் 1739இல் எந்த உணர்ச்சிக்கு எந்த மாதிரி மெட்டு என்று விரிவாக எழுதினார். ஒரு பகுதியில் ஒரே உணர்ச்சி என்பது பொதுவழக்கானது. தொடங்கிய நடை அந்தப் பகுதி முடியும்வரை மாறாமல் ஓடுவதும் இதனோடு பொருந்திப்போகிறது.

துயரத்துக்கு ஒரு கீழ்க்குரலே நிலைபெற்றுவிட்டது: மைனர் வரிசையில் மேல்சட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை இறங்கும் நான்கு சுரங்கள். மான்டெவெர்டி 1638இல் வெளியிட்ட, காதலனால் கைவிடப்பட்ட வனதேவதையின் புலம்பலில் இந்த நான்கு சுரங்களும் ஓயாமல் சுழல்கின்றன. பர்செல் தன் ‘டைடோவும் ஈனியஸும்’ ஓப்ராவில் இடையிலுள்ள அரைச்சுரங்களையும் விடாமல் இறக்கினார்: ச, இரண்டு நிஷாதங்கள், இரண்டு தைவதங்கள், ப. ஐந்து பார் (தாள அளவு) நீளமுள்ள அந்தக் கீழ்வரி மீண்டும் மீண்டும் வருகிறது. சாகப்போகும் அரசியின் பாட்டோ அதனுடன் ஒத்து முடிவதில்லை. கீழ்வரி முடியும் இடத்தில் அவள் குரல் பாதி வாக்கியத்தில் இருக்கும். அவள் முடிக்கும்போது கீழ்வரி அடுத்த சுற்றில் இறங்கத் தொடங்கியிருக்கும். விதி நகர்ந்துகொண்டே இருக்கிறது, மனிதக் குரல் அதோடு மல்லுக்கட்டுகிறது என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்வது கடினம்.

இப்படி ஒரு குறுகிய கீழ்வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து மேலே மாற்றங்களை அடுக்கும் வடிவங்கள் க்ரவுண்ட் பாஸ், பஸ்ஸகாலியா, ஷக்கோன் எனப் பல பெயர்களில் வழங்கின. திருமண வீடுகளில் இன்று அலுக்கும்வரை ஒலிக்கும் பாகெல்பெல்லின் ‘கேனன்’ இதே வகை. செல்லோக்காரருக்கு அதில் ச ப த க ம ச ம ப என்ற எட்டுச் சுரங்கள் மட்டும்தான்; அதை 28 முறை வாசிக்க வேண்டும். மேலே மூன்று வயலின்கள் ஒரே மெட்டை இரண்டிரண்டு பார் தள்ளித் தொடங்கி ஒன்றையொன்று துரத்துகின்றன.

பாக் 1720இல் தனி வயலினுக்கு ஆறு படைப்புகளைப் படியெடுத்தபோது, கீழ்க்குரல் துணையில்லாமல் என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். வழக்கத்தை மீறுகிறோம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அவற்றில் டி மைனர் பார்ட்டிட்டா என்ற நடனத் தொகுப்பின் ஷக்கோன் ஏறக்குறைய கால் மணி நேரம் நீள்கிறது. கீழ்வரி அங்கேயும் உண்டு. நான்கு தந்திகளில் மேலும் கீழும் தாவும் வில் அதைக் கேட்பவரின் காதுக்குள் உருவாக்குகிறது. அதே தொகுப்பின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதியை, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைக் கேட்ட தமிழர்கள் அங்கே சந்தித்திருப்பார்கள்.

மேடையும் ஆலயமும்

ஓப்ராவில் கதை ரெசிட்டடிவில் நகரும்; உணர்ச்சி ஆரியா என்ற பாட்டில் தேங்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘ட காப்போ’ ஆரியா வழக்கமாயிற்று. முதல் பகுதி, அதிலிருந்து மாறிய இரண்டாம் பகுதி, பிறகு முதற்பகுதி மீண்டும். திரும்ப வரும்போது பாடகர் எழுதியதை அப்படியே பாடினால் அரங்கம் ஏமாந்துபோகும். புதுப்புதுச் சங்கதிகளை உதிர்க்க வேண்டும். ஃபாரினெல்லி போன்றவர்கள் ஐரோப்பா முழுதும் கொண்டாடப்பட்டது இந்தத் திறமைக்காகத்தான். சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்டு உருவாக்கப்பட்ட குரல்கள் அவை என்பது அந்தக் கொண்டாட்டத்தின் கொடூரமான மறுபக்கம்.

வேடமும் மேடைக்காட்சியும் இல்லாத ஓப்ராவாக ஆரட்டோரியோவைச் சொல்லலாம்; பொருள் பெரும்பாலும் விவிலியத்திலிருந்து வரும். ஹேண்டல் 1741இல் 24 நாட்களில் எழுதிய ‘மெசையா’ மறு ஆண்டு ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதலில் பாடப்பட்டது. கன்டாட்டா அதைவிடச் சிறியது. லைப்சிக்கின் தாமஸ் தேவாலயத்தில் 1723இல் பொறுப்பேற்ற பாக், முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒன்றாக எழுதித் தள்ளினார். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் ‘மத்தேயு பேஷன்’ 1727இல் அங்கே பாடப்பட்டது. அதில் கதை சொல்பவருக்குக் கன்டினுவோ மட்டும் துணை. ஏசு பேசும்போதெல்லாம் தந்தி வாத்தியங்கள் ஒளிவட்டம் போல் சூழ்ந்துகொள்ளும். சிலுவையில், என்னை ஏன் கைவிட்டீர் என்று அவர் கதறும் அந்த ஓரிடத்தில் மட்டும் அவை விலகிவிடுகின்றன. வெறும் கீழ்க்குரல் மிஞ்சுகிறது.

வாத்தியங்களின் வடிவங்கள்

நடன வகைகளைக் கோத்த சூட் என்ற மாலையில் அல்லமாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக் ஆகிய நான்கும் வழக்கமாக இடம்பெறும். அவற்றுக்கு ஆட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், கேட்பதற்கான நடனங்களாகிவிட்டன. கனத்த நடையில் தொடங்கி வேகமாகப் பாயும் பிரெஞ்சு ஓவர்ச்சர், பதினான்காம் லூயியின் அவையில் லூலி நிலைநிறுத்திய வடிவம்.

கான்செர்ட்டோதான் இக்காலத்தின் பெரிய கொடை. கொரெல்லியின் கான்செர்ட்டோ க்ரோஸோவில் இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் கொண்ட சிறு குழு, முழுக் குழுவோடு மாறிமாறிப் பேசும். விவால்டி அதைத் தனி வாத்தியத்துக்கு மாற்றி ரிட்டர்னெல்லோ முறையைச் செதுக்கினார். முழுக் குழுவும் ஒரு பல்லவியை வாசிக்கும். தனி வயலின் விலகி எங்கோ போகும். பல்லவி முழுதாகவோ துண்டாகவோ வேறு சுருதியில் திரும்பும். கடைசியில் தொடங்கிய சுருதிக்கே வந்து முடியும். 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘நான்கு பருவங்க’ளில் முதலாவதான வசந்தத்தில், பல்லவிகளுக்கு நடுவே பறவைகளும் ஓடையும் இடியும் வருகின்றன. அதன் மெதுவான இரண்டாம் பகுதியில் ஆட்டிடையன் உறங்குகிறான், வயலின்கள் இலைச் சலசலப்பு, வியோலா குரைக்கும் நாய். அங்கே செல்லோவும் ஹார்ப்சிகார்டும் வாசிப்பதே இல்லை. கீழ்க்குரலை எடுத்துவிட்டதும் இசை தரையில் கால் பாவாமல் மிதக்கிறது.

விவால்டியின் கான்செர்ட்டோக்களைப் படியெடுத்தும் மாற்றி எழுதியும் பாக் பாடம் கற்றார். 1721இல் பிராண்டன்பர்க் இளவரசருக்குக் காணிக்கையாக்கிய ஆறு கான்செர்ட்டோக்களில் ஐந்தாவது ஒரு குறும்பு. புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் பக்கவாத்தியம் போலத் தொடங்கும் ஹார்ப்சிகார்ட் மெல்ல மெல்ல முன்னே வந்து, முதற்பகுதியின் முடிவில் மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு 65 பார் தனியாக வாசிக்கிறது.

ஃபியூக்

கௌன்டர்பாயின்ட் என்னும் பல குரல் பின்னலைப் பரோக் கைவிடவில்லை. கீழ்க்குரலின் ஹார்மனி ஒழுங்குக்குள் அதைக் கொண்டுவந்தது. அதன் உச்ச வடிவம் ஃபியூக். ஒரு குரல் தனியாகக் கருப்பொருளைச் சொல்லும். இரண்டாம் குரல் அதையே பஞ்சமத்துக்கு மாற்றிப் பதிலாகச் சொல்ல, முதற்குரல் எதிர்மெட்டு வாசிக்கும். மூன்றாவது குரல் மீண்டும் சட்ஜத்தில் நுழையும். எல்லோரும் வந்தபின் கருப்பொருள் மறைந்தும் தோன்றியும், சில நேரம் தலைகீழாகவும், ஒருவர் முடிக்குமுன் மற்றவர் குறுக்கிட்டும் வளரும்.

1747 மே மாதம் போட்ஸ்டாம் அரண்மனையில், புல்லாங்குழல் வாசிக்கும் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக் 62 வயதுப் பாக்குக்கு ஒரு கருப்பொருள் கொடுத்து ஃபியூக் வாசிக்கச் சொன்னார். மைனர் கூட்டில் ஏறி, பெரிய தாவலாக விழுந்து, பின் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் மெட்டு அது. பழைய புலம்பலின் சாயல் அதில் உண்டு. பாக் அங்கேயே மூன்று குரலில் வாசித்தார். ஊர் திரும்பி, அதே கருப்பொருளில் ஆறு குரல் பின்னல், பத்துக் கேனன்கள், ஒரு ட்ரியோ சொனாட்டா எல்லாம் எழுதி ‘இசைக் காணிக்கை’ என அச்சிட்டு அனுப்பினார். சொனாட்டாவில் மேல்வரி புல்லாங்குழலுக்கு. அதை வாசிப்பது மன்னருக்கே சவால்.

அந்த அவையிலேயே காற்று மாறியிருந்தது. பாக் அன்று வாசித்தது சுத்தியல் தந்தியை அடிக்கும் புதிய பியானோ வகை வாத்தியத்தில். ஒலியின் அளவு அதில் விரலுக்குக் கட்டுப்படும். இளைய தலைமுறை எளிய மெட்டையும் ஒரே பகுதிக்குள் மாறும் உணர்ச்சியையும் விரும்பியது. நடுக்குரல்களை இசையமைப்பாளர்கள் வியோலாவுக்கும் ஊதுவாத்தியங்களுக்கும் தாங்களே எழுதித் தர ஆரம்பித்ததும், எண்களைப் பார்த்து நிரப்பும் ஆளுக்கு வேலை குறைந்தது. ஓப்ராவின் ரெசிட்டடிவில் மட்டும் கன்டினுவோ இன்னும் இரண்டு தலைமுறை தாக்குப்பிடித்தது. 1816இல் ரோமில் அரங்கேறிய ரோசினியின் ‘செவில் நகர நாவித’னிலும் வசனப் பகுதிகளுக்குத் துணை அதுதான்.